பரவாயில்லை

ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம்.
மார்கழிப் பனி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்ட
மூன்றாவது ஷிப்ட்.
மேஜைமேல் மூடி கழற்றிய சுவிட்ச்,
சோதனைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.
உள்ளே, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய
தேடும் சிப்.

மற்ற நினைவகங்களிடம்
கதவு எண்ணைச் சொன்னால்
உள்ளே இருப்பவரைக் காட்டும்.
இதனிடம் ஆளைச் சொல்ல வேண்டும்.
கதவு எண்ணைக் காட்டும்.

வீடு வீடாகப் போய்த் தட்டவும் தட்டாது.
கேள்வி உள்ளே விழுந்ததும்
நாற்பதாயிரம் வரிசைக்கும்
ஒரே நொடியில் கேட்கிறது.
நொடி என்பதே தப்பு.
நொடியை நூறு கோடியாக நறுக்கி
அதில் நாலைந்து துண்டு.

கேட்பதற்கு முன்பே
ஒவ்வொரு வரிசையின் கம்பியிலும்
மின்சாரம் நிரப்பி வைத்திருக்கும்.
ஒரே ஓர் இடம் பொருந்தாவிட்டாலும்
அந்தக் கம்பி வடிந்துவிடும்.
வடியாமல் நிற்பதுதான் விடை.
நான்தான் என்று எவரும் கை தூக்குவதில்லை;
நானில்லை நானில்லை என்று
மற்றவர்கள் எல்லாரும் சரிகிறார்கள்.

இந்தச் சூடு அவர்களுடையது.
விறைத்த விரல்களை
அலுமினியத் தகடுகளின் மேல் காட்டி
தோற்றுப்போன வரிசைகளில்
குளிர்காய்கிறேன்.

ஒவ்வோர் இடத்திலும் மூன்றில் ஒன்றை எழுதலாம்.
பூஜ்யம். ஒன்று. எக்ஸ்.
எக்ஸுக்குக் கையேட்டில் அரைப் பக்கம் விளக்கம்.
எனக்கு ஒரே சொல் போதுமாயிருந்தது:
பரவாயில்லை.
வந்தது பூஜ்யமா, பரவாயில்லை.
ஒன்றா, அதுவும் பரவாயில்லை.

கிருஷ்ணகிரி பாலத்தடியில்
சேலமா சென்னையா என்று மட்டும் பார்த்து
லாரி திரும்புகிறது.
தெருவும் வீடும்
அங்கே யாருக்கு வேண்டும்?
முன்பாதியை மட்டும் பார், பின்பாதி பரவாயில்லை
என்று எழுதிவிட்டால்
ஒற்றை வரிசை ஒரு தாலுகாவையே ஏற்றுக்கொள்ளும்.
முழுக்க முழுக்கப் பரவாயில்லை என்று ஒன்று
எப்போதும் கடைசியில் நிற்கும்.
எதற்கும் பொருந்தாதவர் போய்ச் சேர.

இரண்டு நாற்பதுக்கு
நாகவேணியிடமிருந்து போன்.
அஞ்செட்டி ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு
நெஞ்சுத் துடிப்பைப் படமெடுத்து
கிருஷ்ணகிரி டாக்டருக்கு அனுப்புகிறார்கள்.
மூன்று முறை அனுப்பியும் போகவில்லை.

அங்கே இருப்பதும் இதே மாடல்தான்.
அதன் அட்டவணையை இங்கிருந்தே திறந்தேன்.

ஒரே கேள்விக்குப் பல வரிசை நிமிர்ந்து நின்றால்
மேலே இருப்பதற்குத்தான் மரியாதை.
சிப் நியாயம் பார்க்காது,
உயரம் பார்க்கும்.
சாயங்காலம் யாரோ அவசரத்தில்
அகலமான ஒரு பரவாயில்லையை
அஞ்செட்டி வரிசைக்கு மேலே
எழுதி வைத்திருந்தார்கள்.
பொருந்தியதைத் தூக்கிக் கீழே போடு
என்பது அதன் உத்தரவு.
யாரோ என்றேன்.
பதிவேட்டில் என் பெயர்தான் இருந்தது.

அஞ்செட்டி வரிசை
மூன்று முறையும் சரியாகப் பொருந்தியிருக்கிறது.
கடைசி எழுத்துவரை பொருந்தி
வடியாமல் நின்றிருக்கிறது.
கேட்பாரில்லை.

ஓரிடத்தைக் காலியாக்க
கீழே உள்ளவர்களை ஒவ்வொருவராக நகர்த்த வேண்டும்.
தேட அதற்கு நாலு துண்டு நொடி.
திருத்த எனக்குப் பதினோரு நிமிடம்.

போயிருச்சு, டாக்டர் பாத்துட்டிருக்காரு
என்றாள் நாகவேணி.
அந்த ஆளுக்கு எப்படி இருக்கு?
தெரியலைங்க.
தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன்.
கொஞ்சம் பேசாமல் இருந்தாள்.
பரவாயில்லைங்க என்றாள்.

மேஜைமேல் சிப்
அடுத்த கேள்விக்காக
நாற்பதாயிரம் கம்பியையும் மறுபடி நிரப்பிவிட்டது.
வெளியே பனி இன்னும் இறங்குகிறது.
அந்தத் தகட்டின் மேல் கை காட்ட
அதற்குப் பிறகு பிடிக்கவில்லை.